பட்டாளத்து மனவைத்தியரும் ‘பிறவிக் கோளாறும்’

மாசத்தில் ஒரு சனி, ஞாயிறு. வருசத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம். அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேருகிறவரிடம் கேட்கப்படுவது இவ்வளவுதான் என்று அவர்களுடைய விளம்பரம் சொல்கிறது. மற்ற நாட்களில் அவர் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியிலோ கல்லூரியிலோ சொந்தக் கிளினிக்கிலோ உட்கார்ந்திருக்கும் உளவியலாளர். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகளையும், தூக்கம் வராத கிழவர்களையும், புருசனிடம் அடிபட்டு வந்த பெண்களையும் பார்க்கிறவர். அந்த ரெண்டு நாள் மட்டும் உடுப்பை மாட்டிக்கொண்டால் கேப்டன் அல்லது மேஜர். எதிரே உட்காருகிறவனும் அன்றைக்கு வெறும் நோயாளி இல்லை. சல்யூட் அடித்துவிட்டு உட்காருகிற சிப்பாய்.

அமெரிக்கக்காரன் பகுதிநேரமா பட்டாளத்துல மனவைத்தியம் பார்த்தா நமக்கென்ன, இதை ஏன் ஒரு தலித் பத்திரிகையில எழுதணும் என்று தோழர்கள் கேட்கலாம். எழுத வேண்டும். ஒரு மனிதனின் காயத்துக்குப் பேர் வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது நம்முடைய கேள்வி. காயம் அடித்தவனால் வந்ததா, அடிபட்டவனின் பிறப்பிலேயே இருந்ததா என்று தீர்ப்பெழுதும் பேனாவை நாம் ரெண்டாயிரம் வருசமாகப் பார்த்து வருகிறோம். அந்தப் பேனா சமஸ்கிருதத்தில் எழுதியபோது அதற்குப் பேர் தர்மம். விஞ்ஞானத்தின் மொழியில் எழுதும்போது என்ன பேர் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

*

முதலில் அந்த ஆளைச் சரியாகப் பார்த்துவிடுவோம். பகுதிநேரப் பட்டாளத்து உளவியலாளர்களைப் பேய்களாகச் சித்திரிப்பது சுலபம். அதில் பிரயோசனம் இல்லை. முனைவர் பட்டம் வரைக்கும் படித்துவிட்டுக் கடனோடு வெளியே வருகிறவர்கள் அதிகம். அந்தப் படிப்புக் கடனை அடைக்க ராணுவம் பணம் தருகிறது. சிலருக்கு அப்பனோ தாத்தாவோ பட்டாளத்தில் இருந்த பாசம். போரில் உடைந்து வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற நல்லெண்ணமும் நிறையப் பேரிடம் உண்டு.

2009 நவம்பர் 5 அன்று டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் ஹூட் முகாமில் ஒரு ராணுவ மனநல மருத்துவரே துப்பாக்கியைத் தூக்கி 13 பேரைச் சுட்டுக் கொன்றார். செத்தவர்களில் சிலர் ரிசர்வ் படையின் மனநலப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் நர்சாகவும் உளவியலாளராகவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், போர்முனைக்குக் கிளம்பத் தயாராக வந்திருந்தவர்கள். இந்தச் சாவுகளைக் கேலி செய்ய நமக்கு வாயில்லை.

ஆனால் நல்லெண்ணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாற்காலி எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் சித்தம் கலங்கியவர்களைக் கையாள அமெரிக்க ராணுவம் தாமஸ் சால்மன் என்கிற மருத்துவரின் வழியைப் பின்பற்றியது. சிகிச்சை போர்முனைக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். உடனே நடக்க வேண்டும். ‘நீ சீக்கிரமே உன் படைக்குத் திரும்பிப் போகப்போகிறாய்’ என்கிற எதிர்பார்ப்போடு நடக்க வேண்டும். மூன்றே விதி. நூறு வருசம் கழித்தும் போர்முனை மனநலப் பிரிவுகளின் அடிப்படை இதுதான். ஊர்க் கிளினிக்கில் நோயாளி வீடு திரும்பினால் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம். இங்கே அவன் துப்பாக்கியிடம் திரும்பினால்தான் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம்.

அடுத்தது ரகசியம். வைத்தியரிடம் சொன்னது வெளியே போகாது என்கிற நம்பிக்கையில்தான் மனுசன் வாயைத் திறக்கிறான். ராணுவத்தில்? பொதுவாகச் சொல்லக்கூடாது என்றுதான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதியும் தொடங்குகிறது. பின்னாலேயே விலக்குகள் வரிசைகட்டி வருகின்றன. தனக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம்; இது எல்லா வைத்தியருக்கும் உள்ளது. கூடவே ‘ராணுவப் பணிக்கு ஆபத்து’ என்று ஒன்று இருக்கிறது. ‘இந்தப் போர் நியாயமா என்று தெரியல சார், ராத்திரி அந்தக் குழந்தை முகம் வருது’ என்று ஒருத்தன் அழுதால் அது எந்தக் கணக்கில் வரும்? முடிவெடுக்க வேண்டியவர் அந்த வாரக்கடைசி கேப்டன். அவருக்கு மேலே ஒரு கர்னல் இருக்கிறார்.

சிப்பாய்க்கு இது தெரியாமலில்லை. தெரிந்துதான் வாயை மூடுகிறான். 2007ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஈராக் போரிலிருந்து திரும்பிய 88,235 பேரிடம் ரெண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். திரும்பிய உடனே ஒரு தடவை, சில மாதம் கழித்து ஒரு தடவை. ரெண்டாவது தடவையில் பிரச்சினைகள் கூடிவிட்டன. கடைசிக் கணக்கில் முழுநேரச் சிப்பாய்களில் 20.3 சதவீதம் பேருக்கு மனநல உதவி தேவை. ரிசர்வ், தேசியக் காவல்படை ஆட்களில் 42.4 சதவீதம். ரெண்டு மடங்குக்கு மேல்!

ஏன்? முழுநேரச் சிப்பாய் முகாமுக்குத் திரும்புகிறான். அங்கே கூட இருந்தவன், கூடச் சுட்டவன், கூட அழுதவன் இருக்கிறான். பகுதிநேரச் சிப்பாய் ஒரு வருசம் சாவைப் பார்த்துவிட்டு நேராக லாரி ஓட்டவும் கடையில் பில் போடவும் போகிறான். அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் திரும்பிய ஆறு மாதத்தில் ராணுவ மருத்துவ வசதியும் தீர்ந்துவிடும். ரிசர்வ் உளவியலாளர் மாசத்துக்கு ஒருமுறை பார்ப்பது இவனைத்தான். இந்த நாற்காலிக்கு வேலை இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. யாருக்காக அந்த வேலை என்பதுதான் தகராறு.

*

இப்போது விசயத்துக்கு வருவோம்.

2001 நவம்பரிலிருந்து 2007 ஜூன் வரைக்கும் சுமார் 26,000 பேரை அமெரிக்கப் படைகள் ‘ஆளுமைக் கோளாறு’ என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பின. அதில் சுமார் 2,800 பேர் ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களுக்காக அனுப்பப்பட்டவர்கள். இது எதிர்க்கட்சிக்காரன் சொன்ன கணக்கல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2008ல் சொன்ன கணக்கு.

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன? உன் குணமே அப்படி. சின்ன வயசிலிருந்தே நீ அப்படி. போரால் வந்ததல்ல, நீ வரும்போதே கொண்டுவந்தது. இப்படி எழுதிவிட்டால் அது ‘சேவைக்கு முன்பே இருந்த கோளாறு’ ஆகிவிடும். முன்பே இருந்ததற்கு ராணுவம் ஊனத்தொகை தராது. சேரும்போது வாங்கிய ஊக்கத்தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டு என்று கேட்ட கேஸ்களும் உண்டு. அதே ஆளுக்குப் ‘போருக்குப் பிந்திய மன அதிர்ச்சி நோய்’ என்று எழுதினால் கதை வேறு. காயம் போரால் வந்தது; செலவு அரசாங்கத்தின் தலையில்.

நான் பேங்கில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து யார் கட்டுவது என்பது முடிவாகிவிடும். தொகை அதேதான், தலைப்புதான் மாறுது. மனவைத்தியரின் பேனா இங்கே செய்தது அந்தத் தலைப்பு மாற்றத்தை. 2012ல் வாஷிங்டன் மாநிலத்து மேடிகன் ராணுவ ஆஸ்பத்திரி விவகாரம் வெடித்தபோது இது வெட்டவெளிச்சமானது. மன அதிர்ச்சி நோய் என்று ஒருத்தருக்கு எழுதினால் ஆயுசுக்கும் பதினைந்து லட்சம் டாலர் வரை செலவாகும் என்று அங்கே ஒரு மருத்துவர் சக மருத்துவர்களிடம் பேசியது வெளியே வந்தது. ஏற்கனவே எழுதப்பட்ட நோய்ப்பெயர்கள் அங்கே மாற்றப்பட்டிருந்தன. ராணுவம் விசாரணை வைத்தது. நிறையப் பேருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

ஒரு சின்னக் கேள்வியை யோசிச்சுப் பாருங்க. இந்தப் பையன்களைச் சேர்க்கும்போது உடம்பையும் மனசையும் சோதித்துவிட்டுத்தானே சேர்த்தார்கள்? ‘தகுதியானவன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அதே ராணுவம்தானே? சேர்க்கும்போது கண்ணில் படாத பிறவிக் கோளாறு, செலவு வரும்போது மட்டும் எப்படிக் கண்ணில் படுகிறது?

எதிர்ப்பு கிளம்பியது. 2008ல் விதியை இறுக்கினார்கள். போர்க்களம் போய் வந்தவருக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுதினால் இன்னொரு நிபுணரும் ஒத்துக்கொள்ள வேண்டும், படையின் தலைமை மருத்துவர் வரை போக வேண்டும் என்று ஆக்கினார்கள். இந்த முத்திரை குறைந்தது. ஆனால் ‘சூழலோடு பொருந்திப்போகாத கோளாறு’ என்கிற இன்னொரு முத்திரையை எடுத்துக்கொண்டார்கள் என்று முன்னாள் படைவீரர் அமைப்புகள் குற்றம்சாட்டின. நம்ம ஊரில் ‘தீண்டாமை ஒழிந்தது, தகுதிதான் பிரச்சினை’ என்று மாற்றிப் பேசுவது மாதிரிதான்.

*

இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1851ல் அமெரிக்காவின் தெற்கே சாமுவேல் கார்ட்ரைட் என்கிற டாக்டர் ஒரு புது நோயைக் கண்டுபிடித்தார். அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவது ஒரு மனநோய்! அதற்கு ‘டிராப்பிடோமேனியா’ என்று கிரேக்கத்தில் பேரும் வைத்தார். வராமல் தடுக்கச் சாட்டையையும் சிபாரிசு செய்தார். விடுதலை வேட்கையை நோய் என்று சொன்ன அந்தக் காகிதத்தை இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரும். எழுதப்பட்ட காலத்தில் அது விஞ்ஞானம்.

உளவியல் அமெரிக்க ராணுவத்துக்குள் பெரிய அளவில் நுழைந்தது 1917ல். ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் உடுப்பு மாட்டிக்கொண்டு சுமார் பதினேழரை லட்சம் பேருக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு ‘ஆல்ஃபா’, தெரியாதவனுக்கு ‘பீட்டா’. அந்த எண்களை வைத்து 1923ல் கார்ல் பிரிகம் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்களும் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர்கள் என்றார். பதில் சொன்னவர்களில் ஒருவர் ஹொரேஸ் மான் பாண்ட் என்கிற இருபது வயது தாண்டாத கறுப்பு இளைஞர். 1924ல் அவர் அதே எண்களைத் திருப்பிப்போட்டுக் காட்டினார். இல்லினாய் போன்ற வட மாநிலங்களின் கறுப்புச் சிப்பாய்கள் சில தென் மாநிலங்களின் வெள்ளைச் சிப்பாய்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். பிறப்பா அறிவைத் தருது? பள்ளிக்கூடம் தருது! பிரிகமே 1930ல் தன் முடிவு செல்லாது என்று எழுதிவிட்டார். அதற்குள் 1924ஆம் வருசக் குடியேற்றச் சட்டம் வந்து, அவர் இகழ்ந்த மக்களுக்குக் கதவைச் சாத்தியாகிவிட்டது.

இங்கே வெள்ளைக்காரன் செய்தது இதற்குச் சளைத்ததல்ல. 1818ல் கோரேகாவில் மகர்களை வைத்துப் பேஷ்வா படையோடு மோதினான். மதராஸ் படையில் பறையர்களை வைத்திருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்கிற கோட்பாட்டைத் தூக்கிப்பிடித்தார்கள். சில சாதிகளுக்குப் பிறப்பிலேயே வீரம். மற்றதுகளுக்குப் பிறப்பிலேயே இல்லை. 1890களில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. பட்டாளத்தில் வேலை பார்த்த கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். சுபேதார் ராம்ஜியின் மகன் பீமாராவ் பிறந்தது 1891ல், மாவ் ராணுவ முகாமில். பட்டாளத்துப் பள்ளிக்கூடமும் பென்சனும் ஒரு தலைமுறைக்குத் திறந்த கதவை, பிறவிக் கோட்பாடு அடுத்த தலைமுறைக்குச் சாத்தியது. அதைத் திறக்க அண்ணல் போராட வேண்டி வந்தது. 1941ல்தான் மகர் ரெஜிமென்ட் வந்தது.

ஆக, உள்ளே எடுக்காமலிருக்கவும் ‘பிறப்பு’. உள்ளே எடுத்து உடைத்துவிட்டு வெளியே தள்ளவும் ‘பிறப்பு’.

*

இந்தப் பேனாவைக் கையில் வைத்திருந்த ஒருவர் என்ன செய்ய முடியும்?

ஒரு உதாரணம் குவாண்டநாமோ. 2002லிருந்து அங்கே விசாரணைக் குழுக்களுக்கு ஆலோசனை சொல்ல உளவியலாளர்கள் உட்காரவைக்கப்பட்டார்கள். கைதிக்கு எதைக் கண்டால் பயம் என்பது வைத்தியம் பார்க்கிறவனுக்கும் உதவும், சித்திரவதை செய்கிறவனுக்கும் உதவும். அமெரிக்க உளவியல் சங்கம் 2005ல் ஒரு குழு போட்டது. அதில் ஓட்டுப் போடும் ஒன்பது பேரில் ஆறு பேர் ராணுவம், உளவுத்துறையோடு தொடர்புள்ளவர்கள். உளவியலாளர் அங்கே இருக்கலாம் என்று அது தீர்ப்புச் சொன்னது. பத்து வருசம் கழித்து, 2015ல், சங்கத்தின் பெரிய மனிதர்கள் பாதுகாப்புத் துறையோடு கூடிப்பேசிச் செய்த வேலை அது என்று சுயேச்சையான விசாரணை சொல்லிற்று. அந்த வருசம் ஆகஸ்டில் சங்கத்தின் பேரவை 157க்கு 1 என்ற ஓட்டில் அப்படிப்பட்ட விசாரணைகளில் உளவியலாளர் பங்கெடுக்கத் தடை போட்டது. 2002லேயே ‘இது தப்பு’ என்று மேலே புகார் கொண்டுபோனவர்களில் கப்பற்படைப் புலனாய்வுப் பிரிவின் உளவியலாளர் மைக்கேல் கெல்லஸ் ஒருவர். அதே நிறுவனத்துக்குள் இருந்தவர்தான்.

இன்னொரு உதாரணம் நமக்கு நெருக்கமானது. ஃப்ரான்ஸ் ஃபனான். மார்டினிக் தீவில் பிறந்த கறுப்பர். ரெண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டவர். 1953லிருந்து அல்ஜீரியாவின் பிளிடா மனநல ஆஸ்பத்திரியில் மருத்துவர். சித்திரவதை செய்த போலீஸ்காரனும் சித்திரவதைக்கு ஆளானவனும் அவரிடமே வைத்தியத்துக்கு வந்தார்கள். விசாரணையில் ஆட்களை அடித்து அடித்து, வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கிய ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அவரிடம் வந்தான். அவன் வேலையை விடத் தயாரில்லை. மனசாட்சி உறுத்தாமல் சித்திரவதையைத் தொடர எனக்கு உதவுங்கள் என்று கேட்டான். பட்டாளத்து மனவைத்தியத்தின் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு வேண்டுகோளில் அடங்கியிருக்கிறது. ஃபனான் 1956ல் ராஜினாமா எழுதினார். ஒரு நாடு முழுக்க மனிதர்களை மனிதர்களாக இருக்க விடாமல் செய்யும்போது, தனித்தனி ஆளாக உட்காரவைத்துக் குணப்படுத்துவது எப்படி என்பதே அவரைத் துரத்திய கேள்வி.

எல்லாரும் ஃபனான் மாதிரி ராஜினாமா எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாடகை கட்டுகிறவனுக்கு அந்த வீரவசனம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் பகுதிநேர ஆளுக்கு முழுநேர ஆளுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அவருடைய ஒரு கால் வெளியே இருக்கிறது. திங்கட்கிழமை போக வேறு வேலை இருக்கிறது. அவருடைய சோறு முழுவதும் கர்னலின் கையில் இல்லை. மறுக்கிற சுதந்திரம் அவருக்குக் கொஞ்சம் கூடுதல். அதனால் மறுக்க வேண்டிய கடமையும் கூடுதல். ‘நான் மாசத்துக்கு ரெண்டு நாள்தான்’ என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த ரெண்டு நாளில் போடும் கையெழுத்தை ஒருத்தன் ஆயுசு முழுக்கச் சுமக்கிறான்.

*

நம் மாணவர்கள் இன்றைக்கு உளவியலும் சமூகப்பணியும் படிக்கிறார்கள். ஜெயிலிலும் போலீஸிலும் காலேஜ் ஆலோசனை மையத்திலும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் போகிறார்கள். அங்கே அஞ்சு நாள் தேர்வு. படத்தைப் பார்த்துக் கதை எழுது, வார்த்தையைப் பார்த்து வாக்கியம் எழுது. அப்பா என்ன படித்தார், என்ன வேலை, எவ்வளவு வருமானம் என்றும் படிவத்தில் எழுது. உளவியலாளர் அந்தத் தாள்களைத் திருத்துகிறார். சேரிப் பையன் எழுதும் கதையில் போலீஸ் வந்தால் அது பயமா, அனுபவமா? யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தேறாதவனுக்குக் காரணம் சொல்லும் வழக்கமில்லை.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலா செத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, உதவித்தொகை வராமல், கொட்டகை போட்டுப் போராடிக்கொண்டிருந்த மாணவர். அரசு ரூபன்வால் ஆணையத்தை வைத்தது. 2017ல் வெளிவந்த அதன் அறிக்கை, அவருடைய சொந்த மனவருத்தங்களே காரணம், நிர்வாகத்தின் மேல் குற்றமில்லை என்றது. அவர் தலித்தே இல்லை என்றும் சொன்னது. ஈராக் போய் வந்த சிப்பாயின் கோப்பில் எழுதப்பட்ட அதே வாக்கியம்: கோளாறு உன்னிடம் முன்பே இருந்தது.

ஆகவே கோப்பு எழுதும் நாற்காலியில் உட்காரப்போகும் நம் பிள்ளைகளிடம் மூன்று விசயம் கேட்போம். உன் எதிரே இருக்கிறவன் பேசுவதற்கு முன்னாலேயே, நீ யாருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறாய், எதைச் சொல்லிவிடுவாய் என்பதை அவனிடம் சொல்லிவிடு. ‘குணம்’, ‘சுபாவம்’, ‘பின்னணி’ என்று எழுத வரும்போது பேனாவை நிறுத்தி, அவனுக்கு என்ன செய்யப்பட்டது என்பதைத் தேதியோடு எழுது. நீ எழுதியதை அவன் படிக்கவும், மறுத்து எழுதவும், இன்னொரு வைத்தியரிடம் போகவும் வழி இருக்கிறதா என்று பார்; இல்லையென்றால் அந்த வழிக்காகச் சண்டை போடு. சங்கம் வைத்திருக்கிற தோழர்கள் இதைக் கோரிக்கையாகவே வைக்கலாம். 26,000 பேரை வெளியே தள்ளிய ராணுவமே, கேட்க ஆளிருந்ததால் ரெண்டாவது கையெழுத்துக்கு ஒத்துக்கொண்டது. இங்கேயும் கேட்க ஆள் வேண்டும்.